மருந்தும் உழைச்செல்வானும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் ஒரு வகையில் வியப்புக்குரியது. மருந்தின் கூறுகள் நான்கு என எண்ணும் வள்ளுவர், நோயுற்றவனையும் நோய் தீர்ப்பவனையும் மருந்தையும் கூறியதோடு நில்லாது, நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காவது கூறாகச் சேர்த்துள்ளார். உழைச்செல்வான் என அவர் சுட்டும் இந்த நான்காமவனே இன்றைய வழக்கிற் பராமரிப்பாளன் எனப்படுபவன். உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நந்நான்காக வகுத்துச் செல்கின்றார். நோயாளிக்குரியனவாக அவர் கூறுவனவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றல். மற்றையது, மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதல். உழைச்செல்வானிடத்து அன்பும் தூய்மையும் சொன்னவாறு செய்யும் வல்லமையும் அறிவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இப்பகுப்பு முழுவதும் நோயாளி பேச வல்லவன் என்ற எடுகோளின் மேலேயே நிற்கின்றது. முதுமை மறதி நோயிலே அந்த எடுகோள் தகர்ந்துவிடுகின்றது. மருந்தின் துன்பத்தைப் பொறுப்பவர் ஒருவர்; அதனை எடுத்துரைக்க வேண்டியவர் வேறொருவர். அவ்வாறு எடுத்துரைக்க வேண்டியவரே அம்மருந்தினால் நன்மை பெறுபவராகவும் இருந்துவிடின், அவருடைய சாட்சியத்தின் தன்மை யாது? மறதி நோயாளருக்கு உளநோய் மருந்துகளைக் கொடுத்துவரும் குடும்பங்கள் பலவற்றில் நாள்தோறும் எழுந்து, எவராலும் வாய்விட்டுக் கேட்கப்படாமலே அடங்கிப்போகும் வினா இது.

1901ஆம் ஆண்டு பிராங்பேர்ட் நகரின் வைத்தியசாலையொன்றிற் சேர்க்கப்பட்ட ஒரு பெண்மணியை அவதானித்து, 1906இல் அல்சைமர் என்ற வைத்தியர் இந்நோயின் ஒரு வகையை மருத்துவ உலகுக்கு எடுத்துக்கூறினார். அப்பெண்மணியிடம் மறதி மாத்திரமன்றிக் கணவன்மேற் காரணமற்ற சந்தேகமும் அச்சமும் கூச்சலும் காணப்பட்டன என்பது பலராலும் மறக்கப்படுகின்ற செய்தி. நோய்க்கு மறதி என்று பெயரிட்டதனால், மறதியே அதன் பெருந்துன்பம் என எண்ணப்படுகின்றது. பெயர்களை மறத்தலையும் சாப்பிட்டதை மறத்தலையும் ஒரு வீடு எப்படியோ தாங்கிக்கொள்ளும். தாங்கமுடியாதது இரவு. நடுச்சாமத்தில் எழுந்து நடத்தல், நகையைக் களவெடுத்தாய் என மகளையே குற்றஞ்சாட்டல், குளிக்கவார்க்கும்போது அடித்தல், படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்குதல் என்பனவே பராமரிப்பவரின் உடலையும் உளத்தையும் உடைக்கின்றன.

இவ்விடத்திலேதான் மருந்து உள்ளே வருகின்றது. 1952இல் பாரிஸ் நகரிற் குளோர்புறோமசீன் என்னும் மருந்து உளநோயாளருக்குக் கொடுக்கப்பட்டு வியக்கத்தக்க பலன் தந்தது. 1958இல் பெல்ஜியத்தில் ஹலோபெரிடோல் கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் றிஸ்பெரிடோன் போன்ற புதிய மருந்துகள் புழக்கத்திற்கு வந்தன. இவை யாவும் பெரும்பாலும் வயதிற் குறைந்தோரைத் தாக்கும் சித்தப்பிரமை நோய்களுக்காக உருவானவை. மறதி நோயுற்ற முதியோரிடம் இவை பின்னரே வந்துசேர்ந்தன. வந்ததன் விளைவு காலந்தாழ்த்தியே கணக்கிடப்பட்டது. 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 17 பரிசோதனைகளை ஆராய்ந்து கடும் எச்சரிக்கையொன்றை வெளியிட்டது. ஏறத்தாழ பத்து வாரகாலப் பரிசோதனையொன்றில், வெற்றுக் குளிசை பெற்ற மறதி நோயாளருள் 2.6 வீதத்தினர் இறக்க, புதிய உளநோய் மருந்து பெற்றோருள் 4.5 வீதத்தினர் இறந்தனர் என்பது அதன் சாரம். 2008இல் அவ்வெச்சரிக்கை பழைய மருந்துகளுக்கும் விரிக்கப்பட்டது. 2009இல் பிரித்தானிய சுகாதாரத் திணைக்களத்துக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி தயாரித்த அறிக்கை, ஆண்டொன்றில் இம்மருந்துகளைப் பெறும் ஏறத்தாழ 180,000 மறதி நோயாளருள் 36,000 பேர் வரையிலேயே ஓரளவேனும் பயன்பெறக்கூடும் எனவும், மேலதிகமாக 1,800 மரணங்கள் அதனால் நேர்கின்றன எனவும் மதிப்பிட்டது.

ஆயினும் இத்தொகைகளைக் கண்டு மருந்து நஞ்சு என முடிவுகட்டுவோர் அதே அறிக்கையை அரைகுறையாகவே படித்தவராவர். ஐவரில் ஒருவர் பயன்பெறுகின்றார் என்பதும் அதே கணக்கிலேயே அடங்கியுள்ளது. 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், றிஸ்பெரிடோன் மருந்தாற் குணங்கண்டவர்களுள் மருந்து நிறுத்தப்பட்டோரில் 60 வீதத்தினரும் தொடர்ந்தோரில் 33 வீதத்தினரும் அடுத்த 16 வாரங்களுக்குள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினர். எனவே கொடுப்பதும் பழி, நிறுத்துவதும் பழி என்ற நிலையிலேயே குடும்பம் நிற்கின்றது. புள்ளிவிபரம் அந்த ஐவரில் ஒருவர் யார் எனச் சொல்லாது. அதனை அறியக்கூடியவர் அருகிருந்து பார்ப்பவர் மாத்திரமே.

வடபகுதிக் கிராமமொன்றிலே இத்தகைய வீடொன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். புதுமையான வீடன்று, ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. ஆண்மக்கள் கனடாவிலும் இலண்டனிலும் உளர். தாயோடு எஞ்சியிருப்பவள் ஒரு மகள். தாய் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சேலைகளை மூட்டையாகக் கட்டி, பாலத்தைக் கடந்துவிட வேண்டும் என அவசரப்படுத்துகின்றாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவிலேயே அவள் இன்னமும் நிற்கின்றாள் என்பதை மகள் அறிவாள். மாதத்துக்கொருமுறை சிலநிமிடம் காணும் வைத்தியர் அறியார். அவருடைய குறிப்பிற் பதிவாவது, இரவில் உறக்கமின்மையும் கலவரமும் என்பதே. இரவுக்கு அரைக் குளிசை எழுதப்படுகின்றது. தாய் உறங்கும் முதலாவது இரவு, ஏழெட்டு மாதங்களின் பின் மகள் உறங்கும் முதலாவது இரவும் ஆகின்றது.

அவ்விரவில் மருந்து பெற்றவர் யார்? குளிசையை விழுங்கியவள் தாய். குணம் பெற்றவள் மகள். ஒருவரை இன்னொருவரின் நலனுக்குரிய கருவியாக ஆக்கலாகாது எனக் காண்ட் கூறியதை எடுத்துக்காட்டி இதனைக் குற்றமென நிறுவுதல் எளிது. ஆனாற் காண்ட் விலக்கியது ஒருவரை வெறுங் கருவியாக மாத்திரம் கொள்ளுதலையே. மகள் உறங்காவிடின் தாயைக் குளிக்கவார்ப்பவர் யார், சோறூட்டுபவர் யார்? மகளின் உறக்கம் தாயின் நலனிலிருந்து வேறுபட்டதன்று எனும் வாதத்துக்கு வலிமை உண்டு. மெய்யான சிக்கல் இவ்வாதத்தின் மறுபக்கத்திலே உள்ளது. மகளுக்கு நன்மையாவன யாவும் தாய்க்கும் நன்மையே என இவ்வாதம் மெல்ல மெல்ல விரிந்துவிடுகின்றது. அந்த விரிவிற் காணாமற்போவது மருந்தின் துன்பம்.

இம்மருந்துகளின் தீய விளைவுகளுட் பெரும்பாலானவை அமைதியின் உருவிலேயே வருகின்றன. உடல் விறைத்து, கை வீச்சின்றிக் காலைத் தேய்த்து நடத்தல், முகத்திலே அசைவின்மை, வாயிலிருந்து நீர் வடிதல், சோற்றை விழுங்காது கன்னத்தில் அடக்கிவைத்தல், பகலிலும் தூக்கம், எழும்பும்போது தலை சுற்றி விழுதல். இவற்றைக் காண்பவர், வயது போய்விட்டது, நோய் முற்றிவிட்டது என்று கருதிக்கொள்வது இயல்பு. கூச்சலிட்ட தாய் பேசாமலிருந்தால் அது குறையாகத் தோன்றுவதில்லை. லூயி உடல்கள் எனப்படும் படிவுகளால் விளையும் மறதி நோய் வகையிலோ, சிறிதளவு மருந்தே உடலை முற்றாக விறைக்கச் செய்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். இல்லாத மனிதரையும் விலங்குகளையும் தெளிவாகக் காணுதல் அவ்வகையின் அறிகுறிகளுள் ஒன்று. அவ்வறிகுறியைத் தணிக்கவே பெரும்பாலும் இம்மருந்து தேடப்படுகின்றது என்பது கொடிய முரண்.

இன்னொரு விளைவு இதற்கு நேர்மாறாகத் தோன்றுவது. அறநோக்கில் அதுவே ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அகதீசியா என மருத்துவர் வழங்கும் இந்நிலையில் நோயாளியால் ஓரிடத்தில் இருக்கமுடியாது. உள்ளே ஏதோ அரித்தெடுப்பதுபோன்ற தவிப்பு; இருந்தால் எழவேண்டும், எழுந்தால் நடக்கவேண்டும், நடந்தாலும் ஆறாது. பேச வல்ல இளம் நோயாளர், இதனைத் தாங்குவதிலும் பழைய நோயே மேல் எனச் சொல்வதுண்டு. மறதி நோயாளர் சொல்லமாட்டார், நடப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கு அது பழைய கலவரம் திரும்பிவந்ததாகவே தெரியும். அரைக் குளிசை போதவில்லை எனத் தொலைபேசியிற் கேட்டு, அல்லது கேட்காமலே, முழுக் குளிசையாக்குவாள். தவிப்பு மிகும். மீண்டும் குளிசை மிகும். நோயைத் தீர்க்க வந்தது நோயின் வேடத்தைப் பூண்டு, தன்னையே மேலும் வேண்டி நிற்கும் இக்காட்சியில் எவருடைய உள்ளத்திலும் தீமை இல்லை. அன்பும் இருந்தது, சொன்னவாறு செய்யும் வல்லமையும் இருந்தது. பரிமேலழகர் எண்ணிய நான்காவது பண்பாகிய அறிவு மாத்திரம் இல்லை. அதற்காக மகளைக் குறைகூற முடியுமா? கலவரம் எந்நாளில் மிகுந்தது, குளிசை எந்நாளில் மிகுந்தது என இரண்டையும் அருகருகே குறித்துவைக்க வேண்டுமென அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பு கலவரம் இரவில் மாத்திரம் இருந்து, மருந்தின்பின் பகலிலும் ஓயாத நடையாக மாறியிருப்பின், அக்குறிப்பு எந்தக் கருவியும் காட்டாததை வைத்தியருக்குக் காட்டும்.

கிளினிக்கில், அம்மா எப்படி இருக்கின்றார் என்று கேட்கப்படுகின்றது. இப்போது கரைச்சல் இல்லை என்று மகள் விடை கூறுகின்றாள். பொய் அன்று. ஆயினும் கேட்கப்பட்டது தாயைப் பற்றி. கூறப்பட்டது வீட்டைப் பற்றி. யாருக்குக் கரைச்சல் இல்லை என்பது அவ்விடையில் மறைந்துபோகின்றது. வைத்தியரும் அதனையே கேட்க விரும்புகின்றார். வெளியே வரிசை நீள்கின்றது.

இம்மறைவுக்கு மகளின் தன்னலமே காரணம் என்பது மேலோட்டமான தீர்ப்பு. பெற்றோரைப் பேணுதலில் பிள்ளை தன் களைப்பைக் கணக்கிடலாகாது என்பது சமூகத்தின் எதிர்பார்ப்பு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலைக் கண்டிக்கின்றது. புறக்கணிப்பைச் சட்டமும் அயலும் காணும். அளவுமீறிய குளிசையைக் காணா. அமைதியான வீடு அயலாரின் பாராட்டையே பெறும். தன் உறக்கத்துக்காகக் கொடுத்தேன் எனச் சொல்ல இடமில்லாத ஒருத்தி, தாயின் நன்மைக்காகவே கொடுத்தேன் எனத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கின்றாள். அவ்வாறு சொல்லிக்கொண்டபின், தாய்க்கு அது நன்மையாகவே இருந்தாகவேண்டும். தீமையைக் கண்கள் தேடா. தியாகத்தை அளவுக்குமேல் வற்புறுத்தும் ஒழுக்கம், வாய்மைக்கு இவ்வாறு இடையூறாகின்றது.

இதற்கு மறுகோடியில் நிற்பவர் கடல் கடந்த அண்ணன். எச்சரிக்கைகளையெல்லாம் வாசித்தறிந்த அவர், அம்மாவுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவேண்டாம் எனத் தொலைபேசியிற் கட்டளையிடுகின்றார். அவர் கூறும் தகவல் சரியானதே. ஆயினும் அவருடைய கை மாசுபடாதிருத்தற்கு விலை செலுத்துபவள் தங்கை. அடி வாங்குபவளும் உறங்காதவளும் அவளே. இரவுக்கு ஓர் ஆளை அமர்த்தச் சம்பளம் அனுப்பியபின், அல்லது வருடத்தில் இரண்டு மாதமேனும் வந்திருந்து தாயை ஏற்றபின் அக்கட்டளைக்கு அறவலிமை உண்டாகலாம்.

யாருக்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதை மறைக்காத வீட்டிலேதான் மற்றவை சாத்தியமாகின்றன. தனக்காகவும் கொடுக்கின்றேன் என ஒப்புக்கொள்பவள், அதனால் தாய்க்குக் கடன்பட்டவளாகின்றாள்; கடன்பட்டவளுக்குக் கணக்கு வைத்திருக்கக் காரணம் உண்டு. குளிசைக்கு முன்னரே தேடவேண்டியவை சில உள. 2011இல் வெளிவந்த நோர்வே நாட்டு ஆய்வொன்று, பராமரிப்பு இல்லங்களிலிருந்த 352 மறதி நோயாளருட் பாதிப்பேருக்கு நோவு தணிக்கும் மருந்தை முறைப்படி கொடுத்தபோது கலவரம் கணிசமாகக் குறைந்ததைக் காட்டிற்று. மூட்டு நோவையும் மலச்சிக்கலையும் சலக்கடுப்பையும் சொல்லத் தெரியாதவர் அடிக்கின்றார், கத்துகின்றார். மூட்டை கட்டும் தாய்க்கு, பாலம் கடந்தாயிற்று, எல்லோரும் வந்துசேர்ந்துவிட்டார்கள் என்று மகள் கூறும் விடை சில இரவுகளிலேனும் குளிசையின் வேலையைச் செய்யக்கூடும். எல்லா இரவுகளிலும் செய்யாது.

செய்யாதபோது கொடுக்கப்படும் மருந்துக்கு முடிவுநாளும் குறிக்கப்படல் வேண்டும். பிரித்தானிய வழிகாட்டி ஆறு வாரத்துக்கு ஒருமுறையேனும் மீளாய்வு செய்யச் சொல்கின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்கு வாரத்திற் பயன் தெரியாவிடின் குறைத்து நிறுத்தவும், பயன் தெரிந்தாலும் தொடங்கி நான்கு மாதத்துக்குள் குறைத்துப்பார்க்கவும் கூறுகின்றது. குறைத்தலும் படிப்படியாக, வைத்தியரின் துணையோடு நிகழவேண்டியது. ஆனால் நடைமுறையிற் பழைய துண்டைப் பார்த்து அதே மருந்து மாதாமாதம் மீண்டும் எழுதப்படுவது அரிதன்று. தொடங்குதற்கு ஒரு நெருக்கடி இருந்தது. நிறுத்துதற்கு எந்த நெருக்கடியும் இல்லை. அமைதி எவரையும் அவசரப்படுத்துவதில்லை. நிறுத்திப்பார்ப்போமா என்ற வினாவை வீட்டவரே எழுப்பவேண்டியுள்ளது. அவ்வாறு எழுப்புபவர் தன் உறக்கத்தைப் பணயம் வைக்கின்றார் என்பதையும் மறத்தல் தகாது.

வாழைப்பழத்தினுள்ளும் பாற்சோற்றினுள்ளும் குளிசையைப் பொடித்து மறைத்துக் கொடுப்பது இன்னொரு வினா. துப்பும் தாயிடம் வேறு வழியில்லை என்பர். பொடித்தால் எல்லாக் குளிசையும் ஒரேவிதமாக வேலைசெய்யாது என்பது ஒருபுறமிருக்க, துப்புதல் அவளிடம் எஞ்சியுள்ள கடைசி மொழிகளுள் ஒன்று. அதனை மீறவேண்டிய நாட்கள் உண்டு. மீறப்பட்டது என்ற செய்தி வைத்தியரைச் சென்றடைதல் வேண்டும். தாய் மருந்தை விரும்பி உண்கின்றாள் என்ற தோற்றம் குறிப்பேட்டில் இருத்தல் கூடாது.

அடுத்த கிளினிக்கில் அதே கேள்வி கேட்கப்படும்போது, மகள் இரண்டு வாக்கியங்களை வேறுவேறாகக் கூறவேண்டியிருக்கும். நான் இப்போது நித்திரை கொள்கின்றேன் என்பது ஒன்று. அம்மா இரண்டு கிழமையாகச் சோற்றை வாயில் அடக்கி வைத்திருக்கின்றா, காலைத் தேய்த்து நடக்கின்றா என்பது மற்றையது. இரண்டும் கேட்ட வைத்தியர் குளிசையைக் காலாகக் குறைக்கலாம்; குறைக்காமலும் விடலாம்.