பாம்பின் பசியும் மனிதனின் பொறுப்பும்

பாம்பு பாம்பைத் தின்னும் என்று கேட்டால் நம்மிற் பலருக்கு உடல் கூசும். தன் இனத்தையே விழுங்கும் பிராணியிலும் கொடியது வேறெது உண்டு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அன்பார்ந்த வாசகரே, ‘கொடியது’ என்ற அந்தச் சொல்லை நாம் யார் மீது சுமத்துகிறோம் என்பதைச் சற்றே நின்று சிந்திப்பது நல்லது. வட அமெரிக்காவில் வாழும் ஒரு பாம்பின் உணவுப் பழக்கம் இச்சிந்தனைக்குப் பெரிதும் உதவும்.

ஆங்கிலத்தில் ‘கிங் சினேக்’ எனப்படும் இதனை அரசப் பாம்பு என்று சொல்லலாம். இந்தியக் காடுகளில் வாழும் ராஜநாகம் வேறு, இது வேறு. ராஜநாகத்திற்குக் கடும் நஞ்சு உண்டு. அரசப் பாம்பின் கடியால் மனிதருக்கு ஆபத்தில்லை. இரையைச் சுற்றி வளைத்து, இறுக்கிக் கொன்று, முழுதாக விழுங்குவதே அதன் வழக்கம். எலி, பல்லி, ஓணான், தவளை, பறவைக் குஞ்சு, பறவை முட்டை எல்லாம் அதற்கு உணவு. ஆமைகள் மண்ணிலே புதைத்துவைக்கும் முட்டைகளையும் அது தேடித் தின்னும். ஆயினும் ‘அரசன்’ என்ற பெயரை அதற்குத் தேடிக்கொடுத்தது மற்றப் பாம்புகளைத் தின்னும் பழக்கமே. வாலைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டி ஒலியெழுப்பும் நச்சுப் பாம்பும் அதற்கு இரைதான்.

அந்த நஞ்சு அரசப் பாம்பை எளிதில் கொல்வதில்லை. அதனை எதிர்க்கும் தன்மை அதன் இரத்தத்திலேயே அமைந்திருக்கிறது. கிலுகிலுப்பைப் பாம்பும் தன் எதிரியை அறியும். ஏனையோரைக் கண்டால் வாலை ஆட்டி எச்சரித்துக் கடிக்கப் பாயும் அது, அரசப் பாம்பின் வாடையை உணர்ந்ததும் தலையை நிலத்தோடு தாழ்த்தி, உடலின் நடுப்பகுதியை வளைத்து உயர்த்தி, அதனால் அடித்துத் தப்பப் பார்க்கும். 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அரசப் பாம்பையும் அதற்கு இரையாகும் வேறொரு பாம்பையும் ஒப்பிட்டது. தசையின் அளவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் இறுக்கும் வலிமை அரசப் பாம்புக்கே அதிகம். தன்னிலும் நீளமான பாம்பைக்கூட, அதன் உடலை அலையலையாக மடித்துத் தன் வயிற்றினுள் அடக்கிக்கொள்ள அதனால் இயலும்.

இது கொடுமையா? கொடுமை என்பதற்கு அறிவும் விருப்பமும் வேண்டும். பிறர் வலியை அறிந்து, வேறு வழியிருந்தும், அந்த வலியையே தெரிந்தெடுப்பவன் கொடியவன். பாம்புக்குத் தெரிந்தெடுக்க எதுவுமில்லை. அதற்குப் பசி மட்டுமே உண்டு. மனிதன் பாவஞ்செய்யுமுன் விலங்குகள் யாவும் புல்லையும் இலையையுமே தின்றன என்று சிலர் கருதியதுண்டு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் அதனை ஏற்கவில்லை. இன்று இறைச்சி தின்னும் சிங்கமும் வல்லூறும் அன்றும் அவ்வாறே இருந்திருக்கும். மனிதனின் பாவம் விலங்கின் இயல்பை மாற்றவில்லை என்பது அவரது முடிவு. ஆகவே அரசப் பாம்பு தன் காட்டிலே தின்பது பாவமன்று. அங்கே அதன் இரைகள் அதனை அறியும். அதனை வேட்டையாடும் பருந்துகளும் உண்டு. எல்லாம் ஓர் அளவுக்குள் நடக்கின்றன.

அப்படியானால் தீமை எங்கே தொடங்குகிறது? அதே பாம்பை வேறோரிடத்தில் வைத்துப் பாருங்கள். ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலிலே, ஸ்பெயின் நாட்டுக்குரிய கிரான் கனாரியா என்ற தீவு இருக்கிறது. அங்கே இயற்கையாகப் பாம்புகளே இல்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த அரசப் பாம்புகள் வீடுகளிலே வளர்ப்புப் பிராணிகளாக அங்கு கொண்டுவரப்பட்டன. சில தப்பினவோ, விடப்பட்டனவோ, 1998ஆம் ஆண்டில் அவை வெளியே காணப்பட்டன, பின்னர் பெருகின. அத்தீவுக்கே உரிய பெரும் பல்லியொன்று உண்டு. அரை மீற்றருக்கு மேல் வளரும் அது, பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பி, அங்குள்ள செடிகொடிகளுக்குத் தொண்டு செய்கின்றது. பாம்பு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, பாம்பு பரவிய இடங்களில் அப்பல்லிகளின் தொகை 99 வீதத்திற்கு மேல் குறைந்துவிட்டது.

கவனியுங்கள். பாம்பு மாறவில்லை, அதன் பசியும் மாறவில்லை. இடம்தான் மாறியது. இடத்தை மாற்றியது மனிதனின் கை. அக்கைக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. அழகான பிராணி என்று ஆசைப்பட்டு வாங்கியிருக்கலாம். கூட்டில் அடைபட்டிருப்பதைக் கண்டு இரங்கித் திறந்தும் விட்டிருக்கலாம். ஆனால் இரக்கம் மட்டும் போதாது. நம் செயல் யாரைப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாராத இரக்கம், நம் மனத்தை மட்டுமே ஆற்றும். அதன் விலையை வேறொருவர் செலுத்துவார். ‘நான் நல்லதைத்தானே நினைத்தேன்’ என்பது தெரிந்து செய்த குற்றத்திலிருந்து நம்மை விடுவிக்கலாம், பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

இனி, இன்னும் கடினமான கேள்வி. இன்று அத்தீவில் ஆயிரக்கணக்கான பாம்புகள் பிடிக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. குற்றமற்ற பிராணியைக் கொல்வது நீதியா? விட்டுவிட்டால் வேறெங்குமில்லாத ஓர் உயிரினம் உலகிலிருந்தே மறையக்கூடும். ஆகவே அழிப்பது அவசியம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதனைத் தண்டனை என்று சொல்லக்கூடாது. தண்டனை குற்றவாளிக்கு உரியது; இங்கே பாம்பு குற்றவாளியன்று. நாம் பட்ட கடனை அது தன் உயிரால் அடைக்கின்றது. எனவே அதனை வெறுப்போடும் வெற்றிக் களிப்போடும் செய்யாமல், வீணான வேதனை கொடாமல், துயரத்தோடு செய்வதே மனிதருக்கு அழகு.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு குருவியையோ ஆமையையோ முயலையோ வளர்க்க விரும்பிக் கேட்கும்போது, அதன் விலையை மட்டும் பாராதீர்கள். இது எங்கிருந்து வந்தது, என்ன தின்னும், எத்தனை ஆண்டு வாழும், நமக்கு அலுத்துப்போனால் இதன் கதி என்ன என்று பிள்ளையோடு இருந்து பேசுங்கள். ஓர் உயிரைக் கையில் எடுப்பவர், அதன் பசியையும் கையில் எடுக்கின்றார். அப்பசிக்கு யார் இரையாவார் என்பதற்கும் அவரே பொறுப்பாளி.