தச்சன் கீழே வைத்த கருவி

நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று செம்பூரின் குடியிருப்புகளில் கருவிகளுக்கெல்லாம் விடுமுறை. தமிழர் இல்லங்களில் அதனை ஆயுத பூஜை என்கிறோம். எதிர்வீட்டு மராட்டிய அன்பர்கள் கண்டே நவமி என்கின்றனர். புத்தகமும் அரிவாள்மணையும் சுத்தியலும் வண்டிச் சாவியும் சந்தன குங்குமம் ஏற்று வரிசையாக அமர்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமியன்று எடுக்கும் வரை அவற்றை எவரும் தொடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில், செட்டா நகர் முருகனைத் தரிசித்துவிட்டு, அருகிலிருந்த பெரியவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றேன். தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பால்கனியில் ஒரு சிறு மேடை அமைத்து மரவேலை செய்து வருபவர். அவர் வீட்டு வாழையிலையின்மீது நான்கு இழைப்புளிகள், ஆறு உளிகள், ஒரு கொட்டாப்புளி, மரத்தாலான ஒரு மூலைமட்டம் ஆகியவை இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதன்று. தேய்ந்துபோன அரங்களைத் தீட்டி உளிகளாக்கியிருந்தார். எஃகைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டுமாம். பின்னர் மெல்லக் காய்ச்சி, வைக்கோலின் மஞ்சள் நிறம் படரும்போது நிறுத்த வேண்டுமாம். முந்தினால் முனை உடையும், பிந்தினால் கூர் நில்லாது.

இழைப்புளிகளுள் ஒன்று ஈட்டி மரத்தாலானது. கருஞ்சிவப்பில் ஊதா ரேகைகள் ஓட, எண்ணெய் பூசாமலே பளபளத்தது. கையில் எடுத்துப் பார்க்க ஆசைதான். பூஜையில் இருந்ததால் கண்ணால் மட்டும் பார்த்தேன். அலகு 45 பாகையில் சாய்ந்து அமர, ஓர் ஆப்பு அதை இறுக்கிப் பிடிக்கிறது. சீவல் வெளியேறும் வாய் தலைமுடி அகலமே இருந்தால்தான் மரம் பிசிறின்றி இழைபடும். அந்த வாயைக் குடையத் தமக்கு 11 நாள்கள் ஆயின என்றார். நம் ஊர்த் தச்சர்கள் பலரும் முன்பு இவ்வாறே இரும்பை மட்டும் வாங்கிக் கட்டையைத் தாமே செய்துகொண்டனர். தம் உள்ளங்கையின் அளவைத் தம்மைவிட யார் அறிவார்?

ஆயினும் என்னுள் ஒரு கேள்வி எழுந்தது. மரத்தைச் சீவுவதற்கு ஒரு கட்டை போதும். அது விலையுயர்ந்த ஈட்டியாக ஏன் இருக்க வேண்டும்? இது தொழிலின்மீது கொண்ட சிரத்தையா, பொருளின்மீது கொண்ட பற்றா?

ஒரு பதில் எளிது. கடினமான, அடர்ந்த மரம் தேய்மானத்தைத் தாங்கும்; இழைப்புளியின் அடிப்பரப்பு நாளெல்லாம் உராய்வது. எனவே உறுதியான மரத்தைத் தேடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. ஈட்டி முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனைக் காக்கவென்றே 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 ஜனவரி முதல் அந்த இனத்து மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வாணிகமும் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. தன் குலத்தையே வெட்டத் துணைபோவதால் கோடரிக்காம்பை ஏசுகிறோம். காம்பு என்ன செய்யும் பாவம், அதைச் செதுக்கியவன் அன்றோ பதில் சொல்ல வேண்டியவன்! நம் பெரியவர் இந்த வகையில் குற்றமற்றவர். செம்பூரில் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாக அடுக்குமாடிகளை எழுப்பி வருகிறார்கள் அல்லவா? அப்படிக் காலி செய்யப்பட்ட ஒரு வீட்டில் எறியப்பட்ட கட்டிலின் கால்தான் இந்த இழைப்புளி.

நான் பாராட்டியபோது அவர் மகிழவில்லை. பரணைக் காட்டினார். "மேலே இன்னும் பத்து இருக்கின்றன. கருங்காலியில் இரண்டு, செம்மரத்தில் ஒன்று. எல்லாம் பழைய சாமான்களிலிருந்து எடுத்த மரம்தான். இந்த ஆறு ஆண்டுகளில் பதினான்கு இழைப்புளி செய்தேன். பேத்திக்கு ஒரு படிப்பு மேசை செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் படிப்பையே முடித்துவிட்டாள்" என்றார்.

இதைக் கேட்டதும் நான் தலைகுனிந்தேன். என் வீட்டு அலமாரியில் கீதைக்கு மட்டும் ஒன்பது உரைகள் உள்ளன. ஸ்படிகம், துளசி, ருத்திராட்சம் என்று ஜபமாலைகள் வேறு. தியானத்திற்கென வாங்கிய ஆசனத்தின்மீது அமர்ந்த நாள்களைக் காட்டிலும், அதை வெயிலில் உலர்த்திய நாள்களே மிகுதி. சாதனம் என்னும் சொல்லுக்குக் கருவி என்றே பொருள். கருவியைத் துலக்குவதில் உள்ள இன்பம், வேலையின் கடுமையிலிருந்து நம்மை நாசூக்காக ஒதுக்கிவிடுகிறது. சோம்பல் என்று அதை எவரும் சொல்ல முடியாது, ஏனெனில் கை ஓயாமல் உழைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அது அபாயமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் ஒரு தச்சன் வருகிறான். ஆத்மா இயல்பாகவே கர்த்தாவா என்ற விசாரத்தின் முடிவில், தச்சனைப் போல இரு விதமாகவும் என்று சூத்திரம் கூறுகிறது. பகவத்பாதர் இதனை விரிக்கிறார். வாச்சி முதலான கருவிகளைக் கையில் ஏந்தியவரை தச்சன் கர்த்தாவாகவும் துன்பப்படுபவனாகவும் இருக்கிறான். அவனே வீடு திரும்பி, கருவிகளை விடுத்தபின் தன்னியல்பில் ஓய்ந்து சுகமாக இருக்கிறான். (வடமொழியில் அவர் ஆளும் 'வாசீ' என்ற சொல்லும் நம் தச்சர்களின் 'வாச்சி'யும் ஒலியில் எவ்வளவு நெருக்கம்!) அவ்வாறே புத்தி முதலிய கரணங்களோடு கூடியபோது ஜீவன் கர்த்தா, அவை ஓய்ந்த உறக்கத்தில் அவன் கர்த்தா அல்லன். கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் செயலுக்குரிய ஐந்து காரணங்களுள் ஒன்றாகவே கரணத்தை வைக்கிறது. கர்த்தாவும் அந்த ஐந்தில் ஒருவனே.

இந்த நோக்கில் ஆயுத பூஜை எனக்குப் புதிதாகப் புலப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பாஷ்யம் படித்தறியாத தச்சனும் கருவியைக் கீழே வைக்கிறான். செய்பவன் என்ற பட்டத்தை ஒரு பகல் ஓர் இரவு கழற்றி வைத்துப் பார்க்கிறான்.

நான் இதைப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அம்மாள் வந்தார். மழைக்காலத்தில் ஊதிய அவர் வீட்டுக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. சற்றே இழைத்துத் தர வேண்டும். "மாமா, இரண்டு நாளாய்த் தாழ்ப்பாள் விழவில்லை" என்றார்.

"இன்றைக்குத் தொடக் கூடாதே, அம்மா. நாளைக் காலையில் முதல் வேலையாக வருகிறேன்" என்றார் இவர். அவ்வாறு கூறும்போதே அவரது வலக்கை மேசையின் விளிம்பில் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன். கருவி இலையின்மீது இருந்தது, கை இழைத்துக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவரும் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

பகவத்பாதர் இவ்விடத்தை விட்டுவைக்கவில்லை. தச்சன் உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவரே குறிப்பிடுகிறார். தச்சனுக்குக் கை முதலிய உறுப்புகள் உள்ளன. அவற்றால் வாச்சியை எடுக்கிறான், வைக்கிறான். ஆத்மாவுக்கு அத்தகைய உறுப்புகள் இல்லை. ஆதலால் மனத்தையும் புத்தியையும் உளியைப் போல எடுத்துப் பலகைமீது வைத்துவிட எந்தக் கையும் கிடையாது. பரணிலிருக்கும் பத்து இழைப்புளிகளையும் தானம் செய்துவிட்டால் அவருடைய பற்று தீர்ந்துவிடுமா? என் ஒன்பது உரைகளை நூலகத்திற்குக் கொடுத்துவிட்டால்? கொடுத்தவன் என்ற புதிய கருவி ஒன்று கையில் ஏறும். கரணம் வேறு, தான் வேறு என்று அறிவதைத் தவிர அதை வைக்க வேறு இடமில்லை என்பது வேதாந்தத்தின் தீர்ப்பு. ஆனால் அறிவதற்கும் அந்தப் புத்தியையே அல்லவா பயன்படுத்த வேண்டியிருக்கிறது! அதற்காகவேனும் அது கூராக இருக்கட்டும் என்று பெரியவர் வாதிட்டார். என்னால் உடனே மறுக்க இயலவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஆவல் மிகுதியால் மீண்டும் சென்றேன். அவர் ஈட்டி இழைப்புளியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கி அடிப்பரப்பைப் பார்த்தார். மழை ஈரத்தில் அது நூலளவு வளைந்திருந்தது. உடனே கண்ணாடிப் பலகையின்மீது உப்புத்தாளை விரித்து அதைச் சமன்செய்ய உட்கார்ந்தார். அடுத்த வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். இவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு, இலையிலிருந்த பழைய தேக்கு இழைப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு அரை மணி நேரத்தில் சாத்தியது.