அந்நியன் பட்ட கடன்

ஓசூரைத் தாண்டிப் பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர் அத்திபெலே. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் அந்தச் சாலையில் நாள்தோறும் எண்ணற்றோர் இவ்வூரைக் கடக்கிறார்கள். சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போதுதான் அவர்களுள் பலர் ஊரின் பெயரையே கவனிக்கிறார்கள். 2016 செப்டம்பரில், காவிரி நீர்ப் பிரச்சினையால் கலவரம் மூண்டபோது நிலைமை வேறாக இருந்தது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையோரத்து ஜூஜூவாடியோடு நின்றுவிட்டன. பயணிகள் மூட்டை முடிச்சுகளையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு எல்லையை நடந்தே கடந்து அத்திபெலேயை அடைந்தார்கள். மறுபுறமிருந்து வந்தவர்களும் அவ்வாறே நடந்தார்கள்.

அந்த எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இருபுறமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் பகுதி அது. ஆயினும் எந்த மொழியில் வழி கேட்பது, கேட்டால் எத்தகைய முகம் எதிர்ப்படும் என்று யோசித்தே வாய் திறக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கடல் கடந்து, முன்பதிவு செய்த விடுதியில் ஒரு வாரம் தங்கித் திரும்புகிறவருக்கு இந்த அனுபவம் பெரும்பாலும் நேர்வதில்லை. விடுதியின் வரவேற்பும் பணிவும் அவர் செலுத்திய கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. அவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

கடன்படாமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். கடன்படுவதற்கென்றே புறப்பட்ட இருவரின் வரலாறு இதே பெங்களூருவில் தொடங்கியது.

1961-ல் அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தமது 89-ஆம் வயதில் சிறை வைக்கப்பட்டார். பெங்களூருவில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து அச்செய்தியைப் படித்தார்கள் சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும். இருவரும் வினோபா பாவேயின் வழியில் நின்ற இளைஞர்கள். இத்தனை வயதானவர் சிறை செல்லும்போது நாம் இங்கே காப்பி அருந்திக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் அவர்களை உந்தியது. அணு ஆயுதம் கொண்டிருந்த நாடுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்கு நடந்தே செல்வதென முடிவு செய்தார்கள். கையில் பணம் கொண்டு போகக் கூடாது என்பது வினோபா அவர்களுக்கு விதித்த நிபந்தனை. பணமிருந்தால் நாள் முழுதும் நடந்த களைப்பில் உணவகத்தையும் விடுதியையும் தேடிப் போவீர்கள். ஊராரிடம் பேச வேண்டிய அவசியமே நேராது. பணமில்லாவிட்டால் ஒரு வீட்டின் கதவைத் தட்டியே ஆகவேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

1962 ஜூன் 1 அன்று தில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து இருவரும் புறப்பட்டார்கள். பாகிஸ்தான் எல்லையில் ஓர் அன்பர் உணவுப் பொட்டலங்களை நீட்டினார். எதிரி நாட்டுக்குள் வெறுங்கையுடன் போகிறார்களே என்ற கவலை அவருக்கு. அந்தப் பொட்டலங்களில் இருப்பது உணவன்று, அவநம்பிக்கை என்று கூறி சதீஷ் குமார் அவற்றை ஏற்க மறுத்தார். எல்லையைக் கடந்ததும் முன்பின் அறியாத ஒருவர் அவர்களை எதிர்கொண்டார். நாளிதழில் செய்தி படித்து, இவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லவே அவர் காத்திருந்தார்.

ஆப்கானிஸ்தான், ஈரான் வழியே நடை தொடர்ந்தது. ஜார்ஜியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் நான்கு தேயிலைப் பொட்டலங்களைத் தந்தார்கள். நான்கு தலைநகரங்களின் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. அணுகுண்டின் பொத்தானை அழுத்தத் தோன்றும் கணத்தில் சற்று நிறுத்தி, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தச் சொல்லுங்கள் என்பதே அவர்கள் அனுப்பிய செய்தி. ஏறத்தாழ 8,000 மைல் தூரத்துக்குப் பின் 1964-ன் தொடக்கத்தில் வாஷிங்டனில், அதற்குச் சில வாரங்களுக்கு முன் கொல்லப்பட்ட கென்னடியின் கல்லறை அருகே அப்பயணம் நிறைவுற்றது.

அவர்களது உறுதியை வியக்கலாம். ஆனால் ஓர் ஐயத்தை எழுப்பாமல் வியப்பது முறையாகாது. உழைக்கும் வலிமையுள்ள இரு இளைஞர்கள், வேண்டுமென்றே பணத்தைக் கைவிட்டு, ஏழைக் குடியானவரின் ரொட்டியில் பங்கு கேட்பது எவ்வகையில் நியாயம்? அவர்கள் கைவிட்ட வசதியின் விலையைப் பிறரல்லவா செலுத்தினார்கள்?

நமது துறவு மரபுகள் இந்த ஐயத்தை நன்கு அறிந்தவை. மலருக்குத் துன்பம் தராமல் தேனீ சிறிது சிறிதாகத் தேன் திரட்டுவதுபோல் பல வீடுகளில் ஒவ்வொரு கவளம் பெறுவதை மாதுகரி என்றனர். சமணத் துறவிகள் இதனினும் கடுமையான நெறியைக் கொண்டவர்கள். தமக்கென்று சமைக்கப்பட்ட உணவை அவர்கள் ஏற்பதில்லை. இல்லத்தார் தமக்காகச் சமைத்ததிலிருந்து சிறிதே பெறுவார்கள். யாருக்கும் சுமையாகாதிருப்பதே இதன் நோக்கம். சதீஷ் குமார் ஒன்பது வயதிலேயே சமணத் துறவியாகிப் பதினெட்டாம் வயதில் அதைவிட்டு வெளியேறியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பிட்சை அவருக்குப் புதிதன்று. ஆனால் அந்நிய நாட்டுக் கிராமத்தில், அந்தி சாயும் வேளையில் கதவைத் தட்டும் வழிப்போக்கனுக்கு மாதுகரி நெறி உதவாது. இல்லத்தரசி அவனுக்கென்றே அடுப்பை மூட்டுகிறாள். சுமை நேர்ந்தேவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் போய்விடுவான், அவ்வீட்டுக்குத் திரும்பப்போவதுமில்லை. ஆகவே அந்தக் கடனை அவளிடம் தீர்க்கவே முடியாது.

ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட் 1795-ல் நிரந்தர அமைதியைப் பற்றி எழுதிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். தம் ஊரைவிட்டு வெகுதூரம் சென்றறியாத அவர், அந்நியனின் உரிமையைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்திருப்பது வியப்புக்குரியது. பூமி உருண்டை; அதன் பரப்பு எல்லையற்றதன்று; மனிதர் ஒருவரையொருவர் சகித்து அருகருகே வாழ்ந்தே தீரவேண்டும். ஆதலால் வந்திறங்கிய அந்நியன், அமைதியாக நடந்துகொள்ளும் வரை, பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவன் என்பது அவரது வாதம். அதே மூச்சில், இது வருகைக்கான உரிமை மட்டுமே, விருந்துக்கான உரிமையன்று என்று கோடு கிழிக்கிறார். ஐரோப்பியர் பிற நாடுகளுக்குச் சென்ற ‘வருகை’ வெற்றிகொள்வதற்கு ஒப்பாகவே இருந்தது என்றும் சாடுகிறார்.

கான்ட்டின் கணக்குப்படி, வழிப்போக்கனுக்குக் கிடைத்த சூடான ரொட்டி அவன் உரிமைக்கு அப்பாற்பட்டது. விருந்தினனைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் உபநிஷதமும், புதுமை என்ற பொருளையே மூலமாகக் கொண்ட ‘விருந்து’ என்னும் தமிழ்ச்சொல்லும் உரிமையைப் பற்றிப் பேசுவதில்லை. அவை வீட்டுக்காரரை நோக்கியே பேசுகின்றன. வந்தவன் கேட்க இயலாததை, இருப்பவர் தரக் கடமைப்பட்டிருக்கிறார். தீர்க்க முடியாத கடனுக்கான வழியும் இங்கேதான் தென்படுகிறது. அயலூரில் பெற்றவன் சொந்த ஊரில் இருப்பவனாகும்போது, அவன் கதவைத் தட்டுகிறவரிடம் அக்கடன் வந்து சேர்கிறது. சதீஷ் குமாரும் மேனனும் உண்ட ரொட்டி நியாயமா என்பதை உண்ட இடத்தில் தீர்மானிக்க முடியாது. வீடு திரும்பியபின் அவர்கள் வாசலில் யார் நின்றார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்று பணத்தின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. அறிமுகமற்ற நாட்டில் தன்னந்தனியே சுற்றும் இளைஞனுக்கும் வழி காட்டுவது அதுவே. மொழிபெயர்ப்பதும் அறை தேடித் தருவதும் அதுவே. வினோபா இப்போது இருந்திருந்தால் எதை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. ஆயினும் மின்னேற்றம் தீர்ந்துபோகும் ஒரு மாலைப்பொழுது எந்தப் பயணத்திலும் வரும். அப்போது கைச்சாடையால் வழி கேட்கும் அவனைத் தெரியாத ஒருவர் பேருந்து நிறுத்தம் வரை அழைத்துச் சென்று ஏற்றிவிடுவார். அவன் ஊர் திரும்பி அதை நண்பர்களிடம் மகிழ்ச்சியுடன் சொல்வான்.

அத்திபெலே சுற்றுலாத் தலமன்று. இங்கு வரும் அந்நியர் பெரும்பாலும் பிழைப்புக்காக வருகிறவர்கள். 2023 அக்டோபர் 7 அன்று இவ்வூர்ப் பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயில் மாண்டவர்களுள் பலர், தீபாவளிப் பருவ வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து எல்லை கடந்து வந்த இளைஞர்கள். இவ்வூர்த் தொழிற்பேட்டையை நாடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. பேருந்தின் பெயர்ப்பலகையிலுள்ள கன்னட எழுத்துகளை வாசிக்கத் தெரியாத ஒருவன், முகவரி எழுதிய துண்டுச்சீட்டுடன் சாலையோரத்தில் நிற்கிறான். அருகில் நிற்பவர் சென்ற ஆண்டு ஏதோ ஒரு நாட்டின் சிற்றூரில் அவ்வாறே நின்றவராக இருக்கலாம். சீட்டு அவரிடம் நீட்டப்படுகிறது. அவருக்கான பேருந்தும் அதே நேரத்தில் வந்து நிற்கிறது.