ரசீதில் தீராத கடன்

2025 ஜூன் கடைசி வாரம். நொய்டா செக்டார் 55-இல் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குள் உத்தரப் பிரதேச மகளிர் ஆணையத்தினர் காவல்துறையுடன் நுழைந்தார்கள். கைகள் கட்டப்பட்ட நிலையில் ஒரு மூதாட்டி இருந்தார். அறைகள் வெளிப்பக்கம் பூட்டியிருந்தன. ஈரத்துணியோடு ஆண்கள் கிடந்தார்கள். 39 பேர் மீட்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அந்தக் காட்சிகளைப் பார்த்துப் பதறியவர்களுக்குப் பின்னால் வந்த தகவல்தான் இன்னும் உறுத்தியது. அங்கே இருந்தவர்களில் பலருக்குப் பிள்ளைகள் உண்டு, வசதியும் உண்டு. சேர்க்கும்போது நன்கொடை என்று இரண்டரை லட்சம் ரூபாயும், அதன்பின் மாதந்தோறும் 6,000 ரூபாயும் வாங்கப்பட்டதாக நாளிதழ்கள் எழுதின.

அதாவது, கைவிடப்பட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அவர்களுக்காக யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்ப்பது பாவமா என்ற பழைய பட்டிமன்றத் தலைப்பை இந்தச் சம்பவம் செல்லாக்காசாக்கிவிட்டது. இனிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பணம் கட்டியதோடு பிள்ளையின் கடமை முடிந்ததா? முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆள் வைக்கலாம், இல்லத்தில் சேர்க்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை. வேலையைக் கூலிக்கு விடலாம்; பொறுப்பை அப்படி விட முடியாது.

புணே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றங்கரையில் இருக்கிறது கராடி. வயல் சூழ்ந்த கிராமமாக இருந்த இடம், இயான் ஐடி பார்க்கும் உலக வர்த்தக மையமும் வந்தபின் மாடிக் குடியிருப்புகளாக நிமிர்ந்துவிட்டது. இங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை ஒரே வார்ப்பு. அப்பா போன பிறகு கும்பகோணத்திலோ பாளையங்கோட்டையிலோ அம்மா தனியாக இருப்பார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுவார். அடுத்த வாரம் கராடியில், பதினோராவது மாடியில், லிஃப்ட் பித்தானைத் தனியாக அழுத்தத் தெரியாத ஒரு வாழ்க்கை தொடங்கும்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே ‘பியூரோ’வுக்குப் போன் போடுவார்கள். முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். அங்கிருந்து வரும் பெண்ணை ‘மாவ்ஷி’ என்கிறார்கள். மராத்தியில் சித்தி என்று பொருள். பகல் ஷிப்ட் என்றால் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. வாசலில் காவலாளி பதிவு செய்ததும், மீட்டிங்கில் இருக்கும் மகனின் போன் அதிரும்: மாவ்ஷி உள்ளே வந்துவிட்டார். கூடத்தில் கேமரா இருக்கிறது. மதியம் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவில் தெரியாத ஒன்று உண்டு. அம்மாவுக்கு மராத்தி தெரியாது, மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. மறதிநோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை நிற்பதுண்டு. அலுவலகத்தில் நாற்பது வருஷம் இங்கிலீஷ் பேசியவர்கூடத் திடீரென்று தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘பாத்ரூம்’ என்ற மூன்று சொற்களையும் தேவநாகரியில் எழுதி வைத்தால், பக்கத்தில் ‘பாணி’, ‘துக்தய’ என்று மராத்தியும் எழுதினால், அந்த வீட்டில் பாதித் துன்பம் குறையும். செலவு ஒரு காகிதம். ஆனால் எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்பது பியூரோவுக்குத் தெரியாது, பிள்ளைக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. 2011 கணக்கெடுப்பில் பத்துக் கோடியைத் தாண்டியிருந்த முதியோர் தொகை 2036-இல் இருபது கோடியைத் தாண்டும் என்பது அரசு வல்லுநர் குழுவின் கணிப்பு. எனவே, இது கராடியின் நாலு வீட்டுப் பிரச்சினை ஆகாது.

பெற்றோரைப் பேணுவது பணத்தால் மட்டும் ஆகிற காரியமா என்ற கேள்வி நம் முன்னோருக்குப் புதிது கிடையாது. புறநானூற்றின் 159ஆம் பாட்டு, வறுமையில் வாடிய பெருஞ்சித்திரனார் குமணனிடம் வைத்த விண்ணப்பம். பரிசில் கேட்க வந்த புலவர் மன்னனின் வீரத்தைப் பாடித் தொடங்கவில்லை; தன் தாயைச் சொல்லித் தொடங்குகிறார். கோலை ஊன்றி அடிமேல் அடி வைக்கிற, கண் மங்கிய, வாசலைத் தாண்ட முடியாத, உயிர் இன்னும் போகவில்லையே என்று நொந்துகொள்கிற ஒரு கிழவி அங்கே வருகிறாள். மனைவியும் பிள்ளைகளும் அதற்குப் பிறகுதான். கேட்கப் போனது பொருள். ஆனால் தாயின் நடை எப்படி, பார்வை எப்படி, வாய் எதை முணுமுணுக்கிறது என்பதெல்லாம் அந்த மகனுக்கு மனப்பாடம். பணமில்லாதவனாக இருந்தாலும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வள்ளுவருக்கு வருவோம். இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் குறளில் இல்லறத்தான் மூவருக்குத் துணை என்கிறார். அந்த மூவர் பிரமசாரி, வானப்பிரஸ்தன், சந்நியாசி என்றார் பரிமேலழகர். கலைஞர் உரையோ பெற்றோர், வாழ்க்கைத்துணை, குழந்தைகள் என்று கொள்கிறது. எந்த உரையை ஏற்றாலும் குறள் இல்லறத்தானை ‘துணை’ என்றே அழைக்கிறது. துணை என்பவர் கூட இருப்பவர். செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர், நன்றிக்கு மாதத் தவணை எதையும் குறிக்கவில்லை. ஔவையின் கொன்றை வேந்தன் தாயையும் தந்தையையும் வைத்தே தொடங்குகிறது. முதலில் அறிய வேண்டிய தெய்வமே அவர்கள்தான்.

தைத்திரீய உபநிடதத்தில் தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் இடம் எது? படிப்பை முடித்து வெளியே கிளம்பும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை அது. ஊரை விட்டுப் போகிறவனுக்கு, போகும் வேளையில் சொன்னது. முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலிகூட எழக்கூடாது என்கிறது குர்ஆனின் 17ஆம் அத்தியாயம். மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று அறிவித்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். புனிதமான கணக்கில் எழுதினாலும் கை கழுவல் கை கழுவல்தான்.

கராடிக்காரர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மராட்டிய மண்ணின் பெருந்தெய்வமே ஒரு மகனுக்காகக் காத்து நிற்பவர். முதலில் பெற்றோரைப் படுத்தியெடுத்த பிள்ளைதான் புண்டலீகன்; பிறகு திருந்தினான். அவனைப் பார்க்கக் கடவுள் வீட்டு வாசலுக்கே வந்தபோது அவன் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தான். எழுந்து போகவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் சற்று நிற்கச் சொன்னான். பண்டரிபுரத்தில் விட்டலர் இடுப்பில் கைவைத்தபடி இன்னமும் அந்தச் செங்கல்லின் மேல்தான் நிற்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கவனிக்காத பிள்ளைமீது கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்கும். இன்றைக்குப் புணேயில் 24 மணி நேர மாவ்ஷிக்கு அதைப்போல இரு மடங்கு ஆகிவிடும். எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பும் கவனிப்பும் பத்திரத்தில் எழுதாத நிபந்தனையாகவே அமையும் என்றது. அசாமில் பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்க 2017-இல் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 1995 முதலே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது.

தொகை, பத்திரம், பிடித்தம். சட்டத்தின் கைக்கு எட்டுவது இவ்வளவே. கட்டிலோரம் உட்கார வைக்க எந்தத் தீர்ப்பாயத்தாலும் முடியாது. இல்லங்களைக் கண்காணிக்கும் சட்டமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் பாதி வழியில் நிற்கிறது. தனியார் முதியோர் இல்லங்களும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும், 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியானது. அரசு எட்டிப் பார்க்காத கதவைப் பிள்ளையாவது தட்ட வேண்டாமா?

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், விடுப்புத் தராத மேலாளர் எல்லாம் நிஜம்தான். ‘பிள்ளையின் கடமை’ என்று மேடையில் முழங்குவது பல வீடுகளில் மருமகளின் முதுகில்தான் போய் இறங்குகிறது. 2007 சட்டத்தின் ‘பிள்ளைகள்’ பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்திதான் உண்டு, மருமகள் இல்லை என்பதை எத்தனை கணவர்கள் அறிவார்கள்? முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை மாதம் வெறும் 200 ரூபாய். 70 கடந்த அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2024 அக்டோபரில் வந்த திட்டமும் மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் உதவும். வீட்டுக் கட்டிலுக்கு உதவாது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் இவையெல்லாம் ஆள் வைப்பதற்கான காரணங்களே தவிர, போய்ப் பார்க்காமல் இருப்பதற்கான காரணங்கள் ஆகா. நொய்டா கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். மாதம் 6,000 என்றால் நாளைக்கு 200 ரூபாய். அதில் மூன்று வேளைச் சாப்பாடு, துவைத்த துணி, டயபர், இரவில் விழித்திருக்க ஓர் ஆள். காய்கறி விலை தெரிந்த எவரும் அந்த எண்ணைக் கேட்டவுடன் திடுக்கிட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருந்தது ஏழ்மையால் வந்ததா, நிம்மதிக்காகவா?

நல்ல இல்லங்கள் இல்லாமல் இல்லை. புணேயில் ‘நிவாரா’ 1863-இல், டேவிட் சாசூன் பெயரில் ஆதரவற்றோருக்காகத் தொடங்கியது. சாவித்திரி வைத்தி 1978-இல் சென்னையில் தொடங்கிய ‘விச்ராந்தி’ ஆதரவற்ற மூதாட்டியருக்கு வீடானது. கோயம்புத்தூரைச் சுற்றியும் புணேயில் ‘அதஸ்ரீ’ வளாகங்களிலும் முதியோர் தாங்களாகவே விரும்பி வீடு வாங்கிப் போகிறார்கள். தேடினால் கிடைக்கும். தேடுவது எப்படி என்பதில்தான் அறம் இருக்கிறது.

சொல்லிவிட்டுப் போனால் பூச்சாடிதான் தெரியும். சொல்லாமல், மதியம் மூன்று மணிக்குப் போக வேண்டும். வரவேற்பறையில் உட்காராமல் நேரே அறைக்குப் போய், போர்வையை விலக்கி, குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் அங்கேதான் முதலில் தோல் சிவக்கும். அடுத்து புண் ஆகும். நகம் வெட்டியிருக்கிறதா? கண்ணாடி துடைத்திருக்கிறதா? பல்செட் யாருடையது? இரவுக்கு எத்தனை பேர் என்று மேலாளரைக் கேட்பதைவிட, பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்க வேண்டும். வீட்டில் மாவ்ஷி இருந்தால், பியூரோவுக்குக் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் விசாரிக்க வேண்டும். தன் அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெண் அவர். அவர் வயிறு வாடினால், அவர் ஊட்டும் கஞ்சியும் ஆறித்தான் வரும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தங்கள் கார் சர்வீஸுக்குப் போகும்போது மெக்கானிக் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆஷாட மாதத்தை ஒட்டி, ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குக் கிளம்பி, வழியில் புணேயில் தங்குகின்றன. ‘ஐடி திண்டி’ என்றே ஓர் அணி உண்டு. திண்டி என்றால் பாடிக்கொண்டு நடக்கும் குழு. அலுவலக அட்டையைக் கழற்றிவிட்டு, வெள்ளை உடுத்தி, ஆளந்தியிலிருந்து புணே வரை கணினிக்காரர்கள் நடக்கிறார்கள். செங்கல்மேல் நிற்பவரின் பெயரைப் பாடிக் கால் கொப்பளிக்க வீடு திரும்பும் ஒருவர், கராடியில் பதினோராவது மாடிக்கு வந்து சேரும்போது மணி ஏழே முக்கால் ஆகியிருக்கலாம். மாவ்ஷி எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு வாசலில் நிற்கிறார். உள்ளே கட்டிலில் அம்மா தமிழில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.