வழக்கு முடியும், கணக்கு?

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வைபவத்தை முன்னிட்டுத் தேசூர் சென்றிருந்தோம். ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடும் ஊர்களில் ஒன்று. ஊரில் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்துத் திண்டிவனமோ வேறு ஊரோ போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ரயில் டிக்கெட் பற்றிய மார்க்கப் பிரச்சினை ஒன்று நமக்காகக் காத்திருந்தது!

விருந்து முடிந்ததும் ஒரு தாயார் தம் சகோதரருடன் வந்தார். "ஹஜ்ரத், எம் புள்ளைக்கு ஒரு துஆ செய்யணும்" என்றவர் மேலே பேச முடியாமல் அழுதார். விபரத்தைச் சகோதரர்தான் சொன்னார். பையன் இங்கிலாந்தில் மேற்படிப்பு படிக்கிறான். அவன் ஏறும் நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லை. ஆகவே அங்கிருந்து டிக்கெட் எடுக்காமல், கல்லூரிக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து மட்டும் குறைந்த கட்டண டிக்கெட் எடுத்து வந்திருக்கிறான். ஒருநாள் பரிசோதகரிடம் அகப்பட்டுக்கொண்டான். வழக்கு என்று போனால் 1889-ம் ஆண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டப்படி குற்றவாளி ஆவான்; படிப்பு, விசா எல்லாமே ஆபத்து. வழக்கு மன்றம் போகுமுன் மன்னிப்புக் கேட்டு, கட்டணமும் செலவும் கட்டி, ரயில் நிர்வாகத்துடன் சமாதானமாகப் போக ஒரு கடிதம் தயாராகியிருந்தது. அது ஆகுமா? ரயில் நிர்வாகம் ஏற்குமா? இதுதான் கேள்வி.

சமாதானம் ஆகும், சகோதரர்களே! வழக்காடுவதைவிடச் சமாதானம் மேலானது என்பது திருமறை காட்டும் வழி. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கொரு வேலியும் போட்டார்கள். ஹராமை ஹலாலாக்கும் சமாதானமும், ஹலாலை ஹராமாக்கும் சமாதானமும் கூடாது.

கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். யாரோ எழுதிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதியது. அதில் ஒரு வரி: இதுவே முதல் தடவை, அறியாமல் நடந்த தவறு. "அப்படியா?" என்று கேட்டோம். மாமன் தலை குனிந்தார். ஏழெட்டு மாதமாக நடந்ததாம்.

துஆ கேட்டு வந்த தாயிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னோம். "அம்மா, இந்த வரி இருக்கும்வரை நாம் எதற்கு ஆமீன் சொல்வது?"

இதற்காக, செய்ததையெல்லாம் பட்டியலிட்டு அந்நியர் முன் வைக்க வேண்டுமென்று மார்க்கம் கட்டளையிடவில்லை. தன் பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க அடியான் அதை அம்பலப்படுத்தித் திரியக் கூடாது. கேட்காததைச் சொல்லாமலிருக்கலாம். பொய் சொல்லக் கூடாது. கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதனால் சமாதானம் முறிந்தாலும் சரியே. பெற்ற வயிற்றுக்கு இது கடினமான சொல் என்பது நமக்குத் தெரியாததல்ல.

"வெள்ளைக்காரன் ரயில்தானே, ஹஜ்ரத்?" என்றார் மாமன். நல்ல கேள்வி! மக்காவில் தம்மைக் கொல்லத் துணிந்த குறைஷிகளின் அமானிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே, ஹிஜ்ரத் இரவில் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பொருளுக்கு உடையவன் யார் மதத்தவன் என்று பார்ப்பது நம் வழியல்ல.

பிறகு தறியைக் கொண்டே சொன்னோம். எடை போட்டுக் கொடுத்த பட்டும் சரிகையும் சேலையாகத் திரும்பும்போது எடை போட்டுத்தான் வாங்கப்படும். ஒரு சிட்டம் பட்டை ஒளித்தவன், பிடிபட்ட அன்று அந்த ஒரு சிட்டத்துக்கு மட்டும் பணம் கட்டிவிட்டால், முன்னே ஒளித்ததெல்லாம் ஹலாலாகிவிடுமா? தாயார் உடனே, "ஆகாது" என்றார். நெசவு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் ஒரு பெரிய நிதி நிறுவன அதிகாரியின் கதை 2014-ல் வெளிவந்தது. இதே தந்திரம்தான், கிராமத்து நிலையத்தில் ஏறி, நகரத்துக்குள் மட்டும் பயணம் செய்தவர்போல் குறைந்த கட்டணம் செலுத்தி வந்தார், பல ஆண்டுகள்! பிடிபட்டதும் 42,550 பவுண்டு பாக்கியும் 450 பவுண்டு செலவும் கட்டிச் சமாதானம் செய்துகொண்டார். வழக்கு இல்லை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில், நேர்மையற்றவர் என்று நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு அவரை அத்தொழிலிலிருந்தே விலக்கியது. இன்னொன்று. 2024 ஆகஸ்டில் அந்நாட்டுத் தலைமை மாஜிஸ்திரேட், சுமார் 74,000 ரயில் கட்டண வழக்குகளைச் செல்லாதவை என்று அறிவித்தார். சட்டம் இடந்தராத சுருக்க முறையில் அவற்றை விசாரித்துவிட்டார்களாம். அவர்களில் குற்றமற்றவர்களும் இருந்திருப்பார்கள். அது நியாயமே. ஆனால் உண்மையிலேயே ஏய்த்தவனுக்கு, தீர்ப்புத்தான் ரத்தாயிற்றே தவிர டிக்கெட் பாக்கி ரத்தாகவில்லை.

நம் நாட்டு நடப்பையும் பார்ப்போம். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவர் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அதையும் கட்ட வேண்டும். கட்டி ரசீது வாங்கினால் அது முறையான தீர்வு. ரசீது வேண்டாம் என்று பரிசோதகர் கையில் பாதியை அழுத்துகிறோமே, அதற்குச் சமாதானம் என்று பெயரல்ல, லஞ்சம். பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையைப் பதினொன்று என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கே கற்றுக்கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், மகனுக்கு வயது மீறியிருந்தும் அரை டிக்கெட் எடுத்து அழைத்து வந்த ஒரு சீடரிடமிருந்து தாம் வழங்கிய கிலாஃபத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களே ஒருமுறை சகாரன்பூர் நிலையத்தில் மூட்டையை எடை போடச் சொன்னபோது, "தேவையில்லை, வழியிலுள்ள கார்டுகளிடம் சொல்லிவிடுகிறோம்" என்றார்களாம் ஊழியர்கள். தம் பிரயாணம் கடைசி நிலையத்தோடு முடிவதில்லை, மறுமைவரை எந்தக் கார்டு கூட வருவார் என்று கேட்டார்களாம் மௌலானா.

பொதுச் சொத்து என்றால் இன்னும் பயம் வேண்டும். கைபரில் பங்கிடுமுன் ஒரு போர்வையை எடுத்துக்கொண்ட பணியாள் அம்பு பட்டு மாண்டபோது, மக்கள் அவருக்குச் சுவர்க்கத்தை வாழ்த்தினார்கள். அந்தப் போர்வை அவர்மேல் நெருப்பாக எரிகிறது என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதைக் கேட்டு ஒருவர் ஓடிச் சென்று செருப்பு வாரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்! நம் டிக்கெட் அதைவிடச் சிறியதா?

"அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுத்துவிடலாமா?" என்று மாமன் கேட்டார். உரியவர் யாரென்று தெரியாதபோது அது. இங்கே தெரிகிறதே! எத்தனை நாள் போனான், ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்கட்டும். சந்தேகமிருந்தால் கூட்டியே போடட்டும். சமாதானத்தில் கட்டும் தொகை எந்த நாட்களுக்கானதோ, அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு அதே நிர்வாகத்தின் டிக்கெட்டுகளை வாங்கி, பிரயாணம் செய்யாமல் கிழித்துவிடட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம். தவ்பாவும் செய்யட்டும்.

அன்று அஸருக்குப் பின் மகனுடன் போனில் பேசினார்கள். நாமும் அருகிலிருந்தோம். தாயார் வேறொன்றும் கேட்கவில்லை. "எத்தனை நாளுப்பா?" என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு அவன் மாதம் மாதமாக எண்ண ஆரம்பித்தான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மாமன் குறித்துக்கொண்டார்.

கடிதத்திலிருந்து அந்த வரி நீக்கப்பட்டு அனுப்பப்பட்டிருக்கிறது. இதை எழுதும்வரை நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை. நாம் துஆ செய்தோம், வாசகர்களும் செய்யுங்கள்.