குளிரும் மலரும்

ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியை நோக்கியவாறு டியூலிப் தோட்டம் ஒன்று அமைந்துள்ளது. மார்ச் இறுதியை ஒட்டித் தொடங்கும் மலர்க்காட்சி ஏறத்தாழ ஒரு திங்களே நீடிக்கும். தில்லியிலிருந்து சென்று ஒரு மணி நேரம் கண்டு மகிழ்ந்து திரும்புவோரும் உளர். முந்தைய இலையுதிர் காலத்திலேயே கிழங்கை மண்ணில் ஊன்றிய தோட்டக்காரரும் உளர். இருவர் பெறும் இன்பமும் ஒன்றுதானா?

டியூலிப் குளிரைப் பொறுத்துக்கொள்ளும் செடி மட்டும் அன்று. குளிரை வேண்டி நிற்கும் செடி. ஏறத்தாழ மூன்று திங்கள் குளிர்ச்சி பெற்றாலன்றி அதன் தண்டு செம்மையாக நீளாது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்பர். ஊர் உறைந்து கிடக்கும் அந்நாள்களில் மண்ணுக்குள் மலர் ஆயத்தமாகிறது. இதைக் காட்டி, துன்பமே இன்பத்தின் தாய் என்று அறமுரைக்கப் புகுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிழங்குக்குக் குளிர் தேவை. காங்கிரியில் இடக் கரியில்லாத வீட்டுக்கோ அது வெறும் கொடுமை.

ஆயின், தோட்டக்காரர் மிகுதியாகப் பெறுவது யாது? பட்ட துன்பத்திற்கான கூலி அன்று, பழகிய கண். நாம் நிறங்களைக் காண்கிறோம். அவரோ முளைக்காமற்போன கிழங்கின் இடத்தையும் சேர்த்தே காண்கிறார். நமக்கு அது வெற்றிடமாகக்கூடப் புலப்படுவதில்லை.

இதழ்கள் உதிரத் தொடங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். விதை பிடியாதபடி வாடிய தலைகளைக் கொய்துவிட்டு, இலைகளை மட்டும் அவை மஞ்சளாகும்வரை அவர் விட்டுவைப்பார். கிழங்கில் உணவு சேர்வது அப்போதுதான். பூவில்லாத அந்தப் பச்சையையும் அவர் சற்று நின்று பார்க்கக்கூடும்.