யாருக்குப் பக்கவிளைவு?

மாத்திரைக்கு விளைவுகள் மட்டும்தான் உண்டு. நமக்கு வேண்டியதை விளைவு என்றும் வேண்டாததைப் பக்கவிளைவு என்றும் பிரிப்பது மனிதர்கள். கருத்தடை மாத்திரையில் கருமுட்டை வெளிவராமல் தடுக்கிற அதே ஹார்மோன்கள்தான் குமட்டலையும் தலைவலியையும் கொண்டுவருகின்றன. எது நடுவில் இருப்பது, எது பக்கத்தில் இருப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த ஒருவர் யார் என்பதுதான் என் கேள்வி.

இருபத்துமூன்று வயதில் எனக்கு இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். கருத்தடைக்காக இல்லை, பிசிஓஎஸ். நம் ஊரில் கல்யாணமாகாத பெண்கள் பலர் இதைச் சந்திப்பது இப்படித்தான். வீட்டில் அதற்குப் பெயர் 'பீரியட்ஸ் மாத்திரை'. முதல் வாரம் குமட்டல். அடுத்து மார்பில் வலி, இடையிடையே ரத்தக் கசிவு. பிறகு காரணமே தெரியாத அழுகை. மருத்துவரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, மூணு மாசத்துல சரியாயிடும். நீ ரொம்ப யோசிக்காத" என்றார்.

அவர் முதலில் சொன்னது பெரும்பாலும் உண்மை. குமட்டல், மார்பு வலி, இடைக்கசிவு எல்லாம் பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் அடங்கிவிடும். எனக்கும் அவை அடங்கின, அழுகைதான் நிற்கவில்லை. ஆனால் 'ரொம்ப யோசிக்காத' என்ற அறிவுரைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1956இல் புவெர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெட்ராஸ் குடியிருப்பில் முதல் பெரிய கருத்தடை மாத்திரைச் சோதனை தொடங்கியது. மருந்தின் பெயர் எனோவிட். உட்கொண்டவர்கள் ஏழைப் பெண்கள். சோதனையில் இருக்கிற மருந்து என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. களத்தில் பொறுப்பாக இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, சுமார் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி இருப்பதாகவும், பொதுப் பயன்பாட்டுக்கு இது அதிகம் என்றும் எழுதினார். சோதனையை வடிவமைத்த கிரிகோரி பிங்கஸ் இதில் பெரும்பகுதி மனம் சார்ந்தது என்று நினைத்தார். அதை நிரூபிக்க ஒரு பரிசோதனையும் நடந்தது. வெற்று மாத்திரையை எச்சரிக்கையோடு கொடுத்தபோது பெண்கள் தொந்தரவுகளைச் சொன்னார்கள். நிஜ மாத்திரையை எச்சரிக்காமல் கொடுத்தபோது மிகக் குறைவாகவே சொன்னார்கள்.

பிங்கஸை வில்லனாக்கிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் அவர் கண்டது பொய் இல்லை. எதிர்பார்ப்பே உடம்பில் உபாதையாக மாறுவதை இன்று 'நோசிபோ' என்கிறார்கள். அப்படியானால் கேள்வி சிக்கலாகிறது. சொல்வதே வலியை உண்டாக்குமென்றால், சொல்லாமல் இருப்பதுதானே கருணை?

இல்லை என்றே நினைக்கிறேன். எச்சரிக்கப்படாதவர்கள் குறைவாகச் சொன்னார்கள் என்பதுதான் நமக்குத் தெரியும். குறைவாக அனுபவித்தார்களா என்பது வேறு கேள்வி. தலைசுற்றலுக்கு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று தெரியாத பெண், வெயிலையோ நேற்றுச் சாப்பிட்ட மீனையோ குறை சொல்லிவிட்டுப் போவாள். அவள் துன்பம் யாருடைய நோட்டிலும் ஏறாது. இன்னொன்று, ரத்த உறைவுக்கு எதிர்பார்ப்பெல்லாம் தேவையில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்லப்படாதவள், தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். புவெர்ட்டோ ரிக்கோ சோதனையின்போது மூன்று பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. காரணம் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

1970இல் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் இந்த மாத்திரையின் பாதுகாப்பு பற்றி விசாரணை நடத்தினார். நிபுணர்கள் வரிசையாகப் பேசினார்கள். மாத்திரையை விழுங்கிய ஒரு பெண்ணைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து கேள்விகளைக் கத்தினார்கள். அதே ஆண்டு, அபாயங்களைச் சொல்லும் துண்டுத்தாளை மாத்திரையோடு தர வேண்டும் என்று விதி வந்தது. எனோவிடில் சுமார் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்றைய மாலா-டியில் இருப்பது 30. ஈஸ்ட்ரோஜன் வகையும் மாறியிருக்கிறது என்றாலும், இறக்கம் பெரியது. ரத்த உறைவு பற்றிய ஆய்வுகளோடு, 'ரொம்ப யோசித்த' பெண்களின் சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அந்த விசாரணைச் செய்திகளைப் பார்த்துப் பயந்து பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். இன்றைக்கு அந்த வேலையை ரீல்ஸ் செய்கிறது. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்த உறைவு வரலாம். சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கு. நடு எண்ணை மட்டும் சொல்லி பயமுறுத்துவதும், எதையுமே சொல்லாமல் ஆறுதல் தருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலுமே அவளை எடைபோடத் தெரிந்தவளாக யாரும் மதிக்கவில்லை.

என் அழுகைக்கு வருகிறேன். 2016இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தியவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவது சற்று அதிகமாக இருந்தது, பதின்வயதினரிடம் இன்னும் கூடுதலாக. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. நான் அழுதது மாத்திரையாலா என்று எந்த ஆய்வும் எனக்குச் சொல்லாது.

ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'இது மாத்திரையால்தானா?' என்பது மருத்துவத்தின் கேள்வி. அதில் என்னைவிட மருத்துவருக்கு அதிகம் தெரியும். 'இதைத் தாங்கிக்கொள்ளலாமா?' என்பது என்னுடைய கேள்வி. பரீட்சை வாரத்தில் வரும் குமட்டலும், விடுமுறையில் வரும் குமட்டலும் எனக்கு ஒன்றில்லை. முதல் கேள்விக்குப் பதில் தெரியாததை வைத்து இரண்டாவது கேள்வியை மூடிவிடுவதுதான் இதில் நடக்கும் அநியாயம். 'மனசுதான்' என்றே வைத்துக்கொள்வோம். மனசும் என்னுடையதுதானே, அழுவதும் நான்தானே?

அதனால் மருத்துவர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்கிறவர், நான்காவது மாதமும் இப்படியே இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அளவை மாற்றலாமா, வேறு ஹார்மோன் சேர்க்கை இருக்கிறதா, கருத்தடைதான் நோக்கமென்றால் காப்பர்-டி, 'சாயா' மாதிரி வேறு வழி உண்டா. அது தெரிந்திருந்தால் அந்த மூன்று மாதத்தை நானே பொறுத்துக்கொண்டிருப்பேன், யாரும் சொல்லி இல்லாமல்.